சைகோனிலிருந்து வந்த கடிதம்

1960 பிப்ரவரி 1, திங்கள்

காலையில் பனி. எதிர்வீட்டுக் கூரை தெரியவில்லை. கமலம் பால் வாங்கப் போய்த் தும்மிக்கொண்டே திரும்பினாள்.

நாடகம் முடிந்தது. அதாவது எழுதி முடிந்தது. பெயர்: எங்க வீட்டுல ஆறு பேர். மூன்று மாதமாகத் தலையணைக்கடியில் கிடந்த நோட்டு இன்றைக்குக் கமலத்தின் கைக்குப் போனது. இனி ஒவ்வொருவர் பாடத்தையும் அவள் தனித்தனித் தாளில் எழுத வேண்டும். என் கையெழுத்து என்னைக் கட்டிக்கொண்டவளைத் தவிர யாருக்கும் விளங்காது. எங்கள் படிப்பக நாடகக் குழுவில் முழு நோட்டை யாருக்கும் கொடுக்கும் வழக்கமில்லை. அவரவர் வசனம், அதற்கு முன்னால் அடுத்தவர் பேசுகிற கடைசி நாலு வார்த்தை, அவ்வளவே. கதை என்னவென்று மேடையேறும்வரை பாதிப் பேருக்குத் தெரியாது. தெரியாததால்தான் நன்றாக நடிக்கிறார்களோ என்னவோ.

ஆறு பேர் யார் யார்: அப்பா, அம்மா, சித்தப்பா, அக்கா, நான், ஆடு.

எல்லாம் எனக்குப் பத்து வயதில் இதே முத்தியால்பேட்டையில் நடந்தவை. அப்பா ஆலையில் நெசவு மேஸ்திரி, வீட்டிலும் மேஸ்திரி. ஒரே கண்ணாடிக்கு ஐந்து பேர் காலையில் போடும் சண்டை. சித்தப்பா சைக்கிள் பழகி மீன்காரம்மா கூடையில் போய் உட்கார்ந்தது. அப்பாவின் ஆலைச் சட்டையை ஆடு தின்றது. அவர்களில் இன்று மிச்சம் அக்காவும் நானும்தான்.

கமலம் படித்துக்கொண்டே சிரித்தாள். எத்தனை இடத்தில் என்று எண்ணினேன், ஒன்பது. கடைசிக் காட்சியில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். "இந்தப் பையன் காயிதம் படிக்கிறது ஒண்ணு போதுங்க, ஊரே உருளும்."

பேனாவுக்கு மை வாங்க வேண்டும்.

3, புதன்

யாருக்கு என்ன வேஷம் என்று முடிவானது. ஆறு மணிக்கு ஆரம்பித்து, பாதி நேரம் டீயிலேயே போயிற்று.

அப்பா: முனுசாமி. பிரெஞ்சுக்காரன் காலத்துப் போலீஸ், இப்போது ஓய்வு. அந்தக் காலத்துச் சிவப்புத் தொப்பியை, கெப்பியை, பெட்டியில் பாச்சை உருண்டை போட்டு வைத்திருக்கிறார்.
அம்மா: தையல்காரர். போன வருஷமும் இவரேதான். சொந்தமாகப் புடவை வைத்திருக்கிறார், யாரும் காரணம் கேட்பதில்லை.
சித்தப்பா: இன்னும் ஆள் கிடைக்கவில்லை.
அக்கா: கோதண்டம். ஆலையில் இரண்டாம் ஷிப்ட். இடுப்பு ஒடிசல். மீசை மட்டும் பொங்கலுக்கு வைத்தது.
ஆடு: அடுத்த தெருவில் கேட்க வேண்டும்.

"தம்பி, அப்பா வேஷத்துக்குக் கெப்பி போட்டா கெம்பீரமா இருக்கும்" என்றார் முனுசாமி.

"எங்கப்பா போலீஸ் இல்லீங்க, மேஸ்திரி."

"மேஸ்திரின்னா தலைல ஒண்ணும் போட மாட்டாரா?"

அரைமணி நேரம் பேசி, கெப்பி சுவரில் ஆணியில் தொங்கலாம் என்று முடிவு. மனிதர் முகத்தைப் பார்த்தால் அது ஆணியில் நிற்காது என்று தெரிகிறது.

பையன் வேஷம்தான் சிக்கல். நீளமான கடிதம் படிக்கிற காட்சியை எந்தப் பையனும் மனப்பாடம் செய்ய மாட்டான். எல்லாரும் ஒரே சமயத்தில் என்னைப் பார்த்தார்கள். "எளுதுனவரே போடட்டும்" என்றான் கோதண்டம். எனக்கு வயது முப்பத்துநாலு. தொந்தியும் லேசாக உண்டு. பையன் அரைக்கால் சட்டை போட வேண்டும் என்று நானேதான் எழுதித் தொலைத்திருக்கிறேன்.

5, வெள்ளி

காரைக்காலிலிருந்து அக்காவின் கடிதம். அவள் மூன்றாம் வகுப்போடு நின்றவள், ஒவ்வொரு எழுத்தும் கோலிக்குண்டு அளவு. "தம்பிக்கு ஆசீர்வாதம். நம்ம வீட்டைப் பற்றி நாடகம் போடுகிறாயாம். எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை. மாமாவும் நானும் வருகிறோம். முன்னால் உட்கார இடம் பிடித்து வை."

மத்தியானம் தட்டில் மீனை ஒதுக்கி ஒதுக்கி வைத்தேன். கமலம், "என்னா, மீன் சரியில்லியா?" என்றாள். மீன் நன்றாகத்தான் இருந்தது.

எழுதத்தான் வேண்டும். இந்த நோட்டை யார் பார்க்கப் போகிறார்கள்.

1936. அக்காவுக்குப் பதினேழு. சைகோனிலிருந்து விடுமுறைக்கு ஒரு குடும்பம் வந்திருந்தது. தகப்பன், மகன் இருவருக்கும் அங்கே பிரெஞ்சு சர்க்கார் உத்தியோகம். அக்காவைப் பார்த்தார்கள், காப்பி குடித்தார்கள், ஊருக்குப் போய் எழுதுகிறோம் என்று கப்பலேறினார்கள். இரண்டு மாதத்தில் கடிதம் வந்தது, பிரெஞ்சில். அந்தப் பெரியவருக்குத் தமிழ் நன்றாக எழுத வரும். ஆனாலும் சம்பந்தம் பேசுவதைப் பிரெஞ்சில் எழுதினால்தான் அந்தக் காலத்தில் மதிப்பு. வாங்குகிறவனுக்குப் படிக்கத் தெரியுமா என்பது வேறு விஷயம்.

எங்கள் வீட்டில் பிரெஞ்சு படிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். கோர்ட் வாசலில் எழுத்துக்காரர்கள் உட்கார்ந்திருப்பார்கள். அப்பா அவர்களிடம் போகவில்லை. "எம் மவன் எதுக்கு இருக்கான்?" என்று தெருவே கேட்கும்படி சொல்லிவிட்டு, என்னை நடுக்கூடத்தில் நிறுத்தினார்.

கடிதத்தில் இருந்தது: எங்களுக்குச் சம்மதம். அடுத்த விடுமுறையில் மேரியில், அதாவது நகராட்சியில், பதிவு, கோயிலில் தாலி. பதில் எழுதவும்.

நான் படித்தது: "சாதகம் சரியில்லியாம். மன்னிக்கணுமாம்."

அக்கா கப்பலேறிப் போனால் எனக்கு யார் தலை துவட்டுவது, யார் மீனில் முள் எடுத்துக் கொடுப்பது? இதுதான் காரணம். பத்து வயதில் அது பெரிய காரணம்.

அப்பா கடிதத்தை என் கையிலேயே விட்டுவிட்டு ஆலைக்குப் போனார். பதில் வராத ரோஷம் சைகோன்காரர்களுக்கு. வேண்டாம் என்றவர்களிடம் என்ன பேச்சு என்கிற ரோஷம் அப்பாவுக்கு. இரண்டு ரோஷமும் சேர்ந்து என் பொய்யைக் காப்பாற்றிவிட்டன. இரண்டு வருஷம் கழித்துக் காரைக்கால் மாமா வந்தார். அரிசி மண்டி. நல்ல மனிதர், அக்காவிடம் குரலை உயர்த்திப் பேசி நான் பார்த்ததில்லை. இதைச் சொல்லித்தான் இருபத்துநாலு வருஷமாக என்னைச் சமாதானம் செய்துகொள்கிறேன்.

அதைத்தான் கடைசிக் காட்சியாக்கியிருக்கிறேன். நாடகத்தில் பையன் படிக்கிற பொய் வேறு. மாப்பிள்ளை வீட்டார் மூன்று நிபந்தனை போடுகிறார்களாம். பெண்ணின் அப்பா மீசையை எடுக்க வேண்டும். வீட்டு ஆட்டைக் கூடத்தில் நாற்காலியில் உட்கார வைக்க வேண்டும். வருகிறவர்களுக்குக் காப்பியைக் காட்டிவிட்டு, கொடுக்காமல் உள்ளே எடுத்துப் போக வேண்டும். வீடே அப்படிச் செய்ய, மாப்பிள்ளை வீட்டார் தலைதெறிக்க ஓடுகிறார்கள். திரை.

எல்லாரும் சிரிக்கிறார்கள். அக்கா வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை.

8, திங்கள்

அலுவலகம். ஒரு பழைய வீட்டுப் பத்திரம், 1880களில் எழுதியது, தமிழில் பெயர்க்க வந்தது. பூச்சி அரித்த இடத்தில் இரண்டு சொல் இல்லை. மேலதிகாரி எட்டிப் பார்த்து, "ஒரு வார்த்தை மாறக்கூடாது, தெரியுமில்ல?" என்றார். என்னிடம்!

அந்தக் கடிதம் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது, வீட்டு அகராதிக்குள். கிழிக்க மூன்று முறை எடுத்திருக்கிறேன். நேற்றும் எடுத்தேன். அடியில், பெரியவரின் கையெழுத்துக்குக் கீழே, வேறு கையில் மூன்று வரி. மாப்பிள்ளை எழுதியவை. "மேலே உள்ளது பெரியவர்களுக்கு. இவ்வளவு தூரம் வர உங்கள் மகளுக்கு விருப்பமா என்று அவரையே கேட்டு எழுதுங்கள். இல்லை என்றால் எனக்கு வருத்தமில்லை."

அதையும் அன்றைக்குப் படித்தேன். புரிந்தும் இருந்தது. அக்காவிடம் கேட்கச் சொன்ன கேள்வியை நான் விழுங்கிவிட்டேன். சம்பந்தம் தட்டிப் போனதைவிட இதுதான் எனக்கு உறுத்துகிறது.

சாயங்காலம் படிப்பகத்தில், கடைசிக் காட்சியை எடுத்துவிடலாம் என்று மெதுவாக ஆரம்பித்தேன். முனுசாமி எழுந்து நின்றார். அப்போதுதான் கவனித்தேன், மனிதருக்கு மீசை இல்லை. முப்பது வருஷத்து மீசை. மேடையில் எடுக்க வசதியாக ஒட்டு மீசை வைத்துக்கொள்ளலாம் என்று, சொந்த மீசையை இன்று காலையிலேயே எடுத்துவிட்டாராம்.

"எம் பொண்டாட்டி காலையிலேர்ந்து பேசல. இப்ப சீன் இல்லேங்கறியே தம்பி, இத நான் எங்க போயி ஒட்டிக்கறது?"

காட்சி இருக்கிறது. அந்த மேலுதட்டைப் பார்த்த பிறகு எப்படி எடுப்பது?

11, வியாழன்

அரைக்கால் சட்டை தைத்து வந்தது. போட்டுக்கொண்டு வந்து நின்றேன். கமலம் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரித்தாள். அடுப்பில் குழம்பு தீய்ந்தது. தப்பு என்னுடையதாம்.

பாடத் தாள்கள் எல்லாம் தயார். முனுசாமிக்குப் பதினொரு பக்கம். கோதண்டத்துக்கு ஒரே தாள், அதில் மொத்தமே ஐந்து வரி: கதவோரம் நிற்கவும். கதவோரம் நிற்கவும். காப்பி கொண்டுவரவும். கதவோரம் நிற்கவும். உள்ளே போகவும்.

"வசனமே இல்லியா?"

"இல்ல."

"சாமி, நீ நல்லா இருக்கணும்! ஷிப்ட்டு முடிஞ்சி வந்து எவன் உக்காந்து உருப்போடறது?"

மீசையை மட்டும் எடுக்க மாட்டானாம். கதவோரம் நிற்கிறபோது முந்தானையால் வாயை மூடிக்கொள்வானாம், பார்க்க வெட்கம் மாதிரியும் இருக்கும் என்கிறான். சரி என்றேன். இந்தக் குழுவில் மீசை இருக்க வேண்டியவருக்கு இல்லை, இருக்கக்கூடாதவனுக்கு இருக்கிறது.

வாங்க வேண்டியவை: சவரக் கத்தி (மொட்டையானது). நாற்காலி, கைப்பிடி உள்ளது. அகத்திக் கீரை ஒரு கட்டு, ஆட்டுக்கு. பெட்ரோமாக்ஸ் இரண்டு, மின்சாரத்தை நம்ப முடியாது. கமலத்துக்கு இருமல் மருந்து. திரைக்குப் பின்னாலிருந்து வசனம் எடுத்துக் கொடுப்பது அவள்தான்.

14, ஞாயிறு

ஆட்டோடு முதல் ஒத்திகை. ஆடு நாற்காலியில் உட்காராது, நிற்கும். நின்றபடியே முனுசாமியின் கெப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தது. கெப்பி ஆணியில் இல்லை, அவர் தலையில் இருந்தது.

சித்தப்பா வேஷத்துக்குத் தபால்காரர் மாட்டினார். சைக்கிளிலிருந்து விழச் சொன்னால் விழ மாட்டேன் என்கிறார், இருபது வருஷமாக விழாமல் ஓட்டுகிறவராம்.

கடிதக் காட்சியை நான் நன்றாகச் செய்கிறேனாம். எல்லோரும் சொல்கிறார்கள். "பொய் சொல்றப்ப உம் மொகத்துல ஒரு களை வருது" என்றார் தையல்காரர். வீட்டுக்கு வந்து தலைவலி.

18, வியாழன்

அக்காவும் மாமாவும் வந்துவிட்டார்கள். கடலூர் வழி பஸ், எட்டு மணி நேரம், அக்காவின் புடவையெல்லாம் புழுதி. கருவாடு ஒரு பொட்டலம், கமலத்துக்கு வளையல், எனக்கு மண்டியிலிருந்து அரிசி. இறங்கினவுடனே என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். "முடியெல்லாம் எங்கடா போச்சி?"

அவளுக்கு இப்போது நாற்பத்தொன்று. பேச்சு குறையவில்லை. வீட்டுக்குள் கால் வைத்த ஒரு மணிக்குள் உப்பு டப்பாவையும் மிளகாய்த்தூள் டப்பாவையும் இடம் மாற்றிவிட்டாள். கமலம் என்னைப் பார்த்த பார்வை! ஆனால் சாயங்காலத்துக்குள் இரண்டு பேரும் சேர்ந்துகொண்டு என்னைக் கேலி செய்ய ஆரம்பித்துவிட்டார்கள். அரைக்கால் சட்டையை எடுத்துக் காட்டினாள் கமலம். அக்கா அதைத் தன் மடியில் விரித்துப் பார்த்து, "அப்பவும் இப்பிடித்தான், போட்ட மறுநாளே பின்னாடி கிளிச்சிக்கினு வருவான்" என்றாள்.

நாடகத்தில் என்னென்ன வருகிறது என்று துருவித் துருவிக் கேட்டாள். கண்ணாடிச் சண்டை? வருது. மீன் கூடை? வருது. ஆடு? வருதுக்கா. "என்னப் பொண்ணு பாக்க வந்தாங்களே, சைகோன்காரங்க, அது?"

"கொஞ்சம் வருது" என்றேன்.

19, வெள்ளி

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று இருந்தேன். காலையில் அக்கா துணி துவைத்தாள், சத்தம். மத்தியானம் தூங்கினாள். நாலு மணிக்குக் கடற்கரைக்கு நடந்தோம். மாமா கூடவே வந்து காரைக்கால் கடலுக்கும் இந்தக் கடலுக்கும் உள்ள வித்தியாசத்தை விளக்கினார்.

சொல்லவில்லை. கோழை.

20, சனி

அரங்கேற்றம் ஆறரைக்கு. பெஞ்சு நிரம்பி, பின்னால் பாய் போட்டு, அதுவும் நிரம்பியது. பெண்கள் இடப்புறம். முதல் வரிசையில் அக்கா, மயில் கழுத்துப் புடவை.

என்ன நடந்ததோ அதை மட்டும் எழுதுகிறேன். கண்ணாடிச் சண்டைக்கு நல்ல சிரிப்பு. தபால்காரர் விழ மாட்டேன் என்று சொல்லியிருந்தவர் நிஜமாகவே விழுந்தார், கைதட்டல். முனுசாமி கெப்பியோடு உள்ளே வந்தவுடன் யாரோ எழுந்து நின்று சலாம் வைத்தார், அவரும் வசனத்தை மறந்து திருப்பிச் சலாம் வைத்தார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தாள். திரை இடுக்கில் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அப்பாவும் அம்மாவும் அவளுக்கு ஒரு மணி நேரம் திரும்பிக் கிடைத்தார்கள். அதை நான்தான் கொடுத்தேன்.

பிறகு கடிதம்.

நடுக்கூடத்தில் நின்று கடிதத்தைப் பிரித்தேன். முனுசாமி, "படி மவனே" என்றார். தலையைத் தூக்கினேன். நேர் எதிரே அக்கா. வசனம் போய்விட்டது. ஒரு வார்த்தை இல்லை. பின்னாலிருந்து கமலம் எடுத்துக் கொடுக்கிறாள், "மாமனார் மீச, மாமனார் மீச" என்று. எனக்குக் கேட்கிறது, வாயில் வரவில்லை. என் கை தானாக இறங்க, ஆடு வந்து கடிதத்தைக் கவ்வியது.

சபை சிரிப்பில் அதிர்ந்தது. கடிதத்தை ஆடு மெல்ல மெல்லச் சிரிப்பு ஏறிக்கொண்டே போனது. அந்தச் சத்தத்தில் எனக்கு உயிர் வந்து, ஆட்டின் வாயைப் பார்த்தே மூன்று நிபந்தனையையும் ஒப்பித்து முடித்தேன். திரை விழுந்ததும் எல்லாரும் என்னைக் கட்டிக்கொண்டார்கள். அந்த மௌனம் பிரமாதமாம். ஆட்டை எப்படிப் பழக்கினேன் என்று கேட்கிறார்கள்.

கடிதம் வந்த பிறகு அக்கா சிரிக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், அவள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

21, ஞாயிறு

காலை ஏழு மணி. அக்கா எனக்கு முன்னால் எழுந்து, குளித்து, ஈரத்தலையோடு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். மாமா ரொட்டி வாங்கப் போயிருந்தார். கமலம் அடுப்படியில்.

"நீ நேத்து நடிக்கல."

"வசனம் மறந்துடுச்சிக்கா."

"அது பொய் சொல்றப்ப இருக்கிற மூஞ்சி. அத நான் எங்கியோ பாத்திருக்கேன், எங்கன்னு யோசிச்சி யோசிச்சி இப்பதான் வெளங்கிச்சி. அன்னிக்கி காயிதம் படிச்சப்ப அதே மூஞ்சி. சாதகம் சரியில்லேன்னு அதுல எளுதியிருந்துச்சா இல்லியா?"

"இல்லக்கா."

சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன், மீன் முள் உட்பட. அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் தேவலை. எழுந்துபோய்க் கமலத்திடம், "நாடகத்துல எம் பாடம்னு ஒண்ணு இருக்குமே, அதக் குடு" என்றாள்.

கமலம் கோதண்டத்தின் தாளை எடுத்துக் கொடுத்தாள். அக்கா எழுத்துக் கூட்டி, வாய்விட்டுப் படித்தாள். கதவோரம் நிற்கவும். கதவோரம் நிற்கவும். காப்பி கொண்டுவரவும்.

"ஏன்டா, அந்த வீட்டுல நான் வாயே தொறக்கலியா? கண்ணாடிச் சண்டையில உங்க நாலு பேரு சத்தமும் ஒண்ணு, என் சத்தம் ஒண்ணுன்னு அப்பா சொல்லுவாரே. ஆட்டுக்குக்கூட நீ 'மே'ன்னு எளுதி வெச்சிருக்கே. எனக்கு ஒண்ணுமில்ல."

எழுதும்போது எனக்குத் தோன்றவே இல்லை. நினைவில் அவளை அந்தக் கதவோரத்திலேயே நிறுத்திவைத்துவிட்டேன் போலிருக்கிறது, நான் பொய் சொன்ன நாளில் அவள் நின்ற இடத்தில்.

பகல் முழுக்க அக்கா என்னோடு பேசவில்லை. மாமாவுக்கு ஒன்றும் புரியாமல் ரொட்டியைக் காப்பியில் தோய்த்துத் தோய்த்து நாலு பேருக்கு உள்ளதைத் தின்றார்.

இரண்டாவது ஆட்டம் இன்று ஆறரைக்கு. மூன்று மணிக்குக் கோதண்டத்தைத் தேடிப் போய், உனக்கு ஒரு வசனம் என்றேன். ஆள் வெளுத்துவிட்டான். "இப்ப போயி வசனமா? காப்பி வேணா ரெண்டு தரம் கொண்டாரேன், ஆள விடு." ஒரே வரிதான் என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன். கமலம் தாளில் எழுதிக் கொடுத்தாள்.

கடிதம் படித்தாயிற்று. அப்பா மீசையை எடுக்கப் போகிறார். கோதண்டம் கதவோரத்திலிருந்து நடுக்கூடத்துக்கு வந்தான். பதற்றத்தில் முந்தானையை மறந்துவிட்டான், மீசையோடு நின்றான். சொன்னான்: "யாருக்குக் கல்யாணம்? என்னிய ஒரு வார்த்த கேட்டீங்களா?"

மீசையைப் பார்த்து ஆண்கள் பக்கம் சிரிப்பு. இடப்புறம் பெண்களிடமிருந்து கைதட்டல், நிற்கவே இல்லை. முனுசாமி சவரக் கத்தியைத் தூக்கிப் பிடித்தபடி காத்துக்கொண்டு நின்றார். அக்கா கைதட்டவில்லை. ஆனால் பக்கத்தில் இருந்த அம்மாளிடம் ஏதோ சொன்னாள், இரண்டு பேரும் சிரித்தார்கள்.

கோதண்டம் இப்போது அடுத்த நாடகத்தில் ஐந்து பக்கம் வேண்டும் என்கிறான்.

22, திங்கள்

அலுவலகத்துக்கு அரைநாள் லீவு சொல்லி ஆள் அனுப்பினேன். பஸ் பதினொன்றுக்கு. மாமா மூட்டை கட்டிக்கொண்டிருந்தார்.

"எடு" என்றாள் அக்கா.

அகராதியிலிருந்து கடிதத்தை எடுத்தேன். மடிப்பில் கிழிந்திருக்கிறது. ஒவ்வொரு வரியாகப் பிரெஞ்சில் படித்து, தமிழில் சொன்னேன். நிறுத்தி நிறுத்தி, ஒரு வார்த்தை மாறாமல். கடைசி மூன்று வரியை மறுபடியும் படிக்கச் சொன்னாள். படித்தேன்.

"அது யாரு எளுதுனது?"

"மாப்ள. அது அவரு கையெளுத்து."

"என்னக் கேக்கச் சொல்லியா?"

"ஆமாக்கா."

வளையலைத் திருகினாள். "வேணாம்னுதான் சொல்லியிருப்பேன். கப்பலும் சைகோனும் யாருக்கு வேணும்? ஆனா அத நான் சொல்லியிருக்கணும்டா. நீ சொல்லிட்டே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. முப்பத்துநாலு வயதில், மடியில் அகராதியோடு. அக்கா தேற்றவில்லை. "மூக்கத் தொடச்சிக்க. பேனா எடு. பதில் எளுதணும்."

"அந்த வெலாசத்துல இப்ப யாருக்கா இருப்பாங்க?"

"அனுப்பவா சொன்னேன்? எளுது."

அவள் சொல்லச் சொல்லப் பிரெஞ்சில் எழுதினேன். "முசே ஐயாவுக்கு. என்னக் கேட்டதுக்கு ரொம்ப சந்தோசம். எனக்கு இஷ்டமில்ல, கடல் எனக்கு ஒத்துக்காது. பதில் இவ்வளவு லேட்டானதுக்கு எந் தம்பிதான் காரணம், நான் இல்ல. நீங்க எங்க இருந்தாலும் நல்லா இருக்கணும்." கீழே அவளே தமிழில் கையெழுத்துப் போட்டாள், அஞ்சலை என்று, கோலிக்குண்டு எழுத்தில். தம்பிதான் காரணம் என்ற வரி வந்தபோது அடுப்படியில் கமலம் சிரித்தது கேட்டது.

"நான் சொன்னத அப்பிடியே எளுதினியா?"

"அப்பிடியேதான்க்கா."

"எனக்கெப்பிடித் தெரியும்?"

அக்கா பழைய கடிதத்தையும் புதியதையும் சேர்த்து மடித்து, பைக்குள் புடவைக்கு நடுவில் வைத்துக்கொண்டாள். மல்லிகாவிடம் கொடுத்துப் படிக்கச் சொல்லப் போகிறாளாம். மல்லிகா அக்காவின் மகள், பதினேழு நடக்கிறது. காரைக்காலில் கன்னியர் பள்ளிக்கூடத்தில் ஆறு வயதிலிருந்து பிரெஞ்சுப் படிப்பு. சேர்த்தபோது மாமாவே எதற்கு என்றார். வெள்ளைக்காரன் போகப்போகிறான், இனி அது எதற்கு என்று நானும் எழுதினேன். அக்கா யார் பேச்சையும் கேட்கவில்லை. காரணமும் சொன்னதில்லை.

பஸ் நிறுத்தத்தில் வெயில். மாமா ஜன்னலோரம் பிடித்துக் கொடுத்தார். நான் கீழே நின்றுகொண்டு, காரைக்காலில் மழை உண்டா என்று கேட்டேன். பஸ் நகர்ந்தபோது அக்கா தலையை வெளியே நீட்டினாள்.

"ஒரு வரி மாத்தியிருந்தாலும் மல்லிகா சொல்லிடுவா. நம்ம காயிதத்த நம்மளே படிக்கணும்னுதான்டா அவளப் படிக்க வெச்சேன்."